யாரும் முறிக்காத பத்தியம்

என்னை இடுப்பில் வைத்தே தேய்ந்துபோன என் அம்மாவுக்கு,

உன் காரியம் நேற்று முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வந்த சனமெல்லாம் அவரவர் ஊருக்குப் போயாயிற்று. உன் தங்கை, திருநின்றவூர் சின்னம்மா மட்டும் இன்னும் இங்கே இருக்கிறாள். உன் பழைய புடவையை விரித்துப் படுத்துக்கொண்டு, "அக்கா வாசன வருதுடி" என்கிறாள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கு மேல் நான் கனத்துப்போனேன், தூக்கிக்கொண்டு நடக்க உன்னால் முடியவில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உனக்குப் படிக்கவே தெரியாதே, தப்பை எங்கே கண்டுபிடிக்கப் போகிறாய்?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் படையல் இலையில் உப்புப் போட்டு வைப்பதா, போடாமல் வைப்பதா என்று இந்த வீட்டில் பெரிய சண்டை நடந்தது. நீ அங்கே இருந்தாயோ, கேட்டாயோ, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் என் வாயால் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

நான் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோது ஜுரம் வந்தது என்பாய். ஜுரம் இறங்கிய காலையில் என் இடது கால் வெயிலில் கிடந்த கீரைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தது என்பாய். பூந்தமல்லி வைத்தியரிடம் என்னைத் தூக்கிக்கொண்டு போனாய். அவர் காலுக்கு எண்ணெய் கொடுத்தார். உள்ளுக்கு மருந்தை உனக்குக் கொடுத்தார். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்தானே மருந்து சாப்பிட வேண்டும், பத்தியமும் தாய்க்குத்தானே.

"உப்பு, புளி, கருவாடு ஆவாது. கொழந்த அந்தக் கால ஊணி நிக்கிற வரைக்கும் தொடாத. நின்னதும் வந்து சொல்லு, நானே முறிக்கிறேன். நடுவுல நீயா முறிச்சியோ, வாதம் அடுத்த காலுக்குத் தாவிடும்." அவர் சொன்னதை அவர் குரலிலேயே நீ சொல்லிக் காட்டுவாய். அந்தக் கடைசிப் பேச்சு வரும்போது மட்டும் உன் குரல் உள்ளே போய்விடும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை அம்மா. அவர் எண்ணெய் நல்ல எண்ணெய். இன்றைக்கும் மழை நாளில் முட்டி இழுத்துக்கொண்டால் அந்த மாதிரி எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தால்தான் எனக்கு உறக்கம் வருகிறது. ஆனால் மறு வருஷமே விஷ ஜுரத்தில் அவர் போய்விட்டார். என் காலோ ஊன்றவில்லை.

நீ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் பூந்தமல்லிக்கு நடந்தாய். அவர் மகன் வாசலில் உட்கார்ந்து வேர் நறுக்கிக்கொண்டிருந்தாராம்.

"சாமி, பெரியவரு வெச்ச பத்தியம். நீங்களாவது முறிச்சி வுடுங்க."

"எங்க நைனா வெச்சத நான் எப்பிடிம்மா முறிக்கிறது? இன்னா மருந்து குடுத்தாரோ, இன்னா கணக்கோ. வெச்சவங்கதான் முறிக்கணும்."

"அவருதான் இல்லியே சாமி."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

அவ்வளவுதான். திரும்பி நடந்தாய். அன்றையிலிருந்து இந்த வீட்டில் இரண்டு சட்டி. எங்களுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நான் பால் மறந்தேன், பல் விழுந்து முளைத்தது, பெரியவள் ஆனேன். உன் சட்டிக்கு உப்பு வரவேயில்லை.

எங்கள் குழம்பைக்கூட நீ நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. "அஞ்சல, உப்பு பாருடி" என்று கரண்டியை என் உள்ளங்கையில் சாய்ப்பாய். இந்த வீட்டுக் குழம்புக்கு நாக்கு நான்தான். நான் தலையாட்டினால் இறக்குவாய், முகம் சுளித்தால் ஒரு கல் போடுவாய்.

நடவு வயலில் ஒரு நாள் கங்காணியின் பெண்சாதி உன்னைப் பார்த்து, "நீ உப்பு போட்டுத் துன்றவளா இருந்தா இப்பிடி மசமசன்னு நடுவியா?" என்று கேட்டாளாம். நீ நிமிர்ந்து, "நான் துன்றது இல்லியே ஆத்தா, ஊருக்கே தெரியுமே" என்றாயாம். வயலே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லி நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு அடிக்கடி காலில் நரம்பு சுண்டி இழுக்கும், ஞாபகம் இருக்கிறதா?

எனக்காக எதைத்தான் நீ செய்யவில்லை? ஏரிக்கரையில் குழி தோண்டி, வெயிலில் காய்ந்த மணலை இடுப்பு வரை போட்டு மூடி என்னை நிற்க வைப்பாய். நொச்சித்தழை ஒத்தடம் கொடுப்பாய். தர்காவில் ஓதிய தண்ணீரைத் தெளிப்பாய். மிஷன் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனாய். அங்கே இருந்த டாக்டரம்மா என் காலைத் தட்டிப் பார்த்து, இந்த நரம்பு இனிமேல் உயிர் பெறாது, எண்ணெய் தேய்க்கலாம், கைக்குக் கம்பு கொடுத்துப் பழக்கு என்றாள். பத்தியத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. "பொண்ணுக்குக் கால் சரியில்ல. நீங்க ஏன் உப்பு சாப்பிடாம இருக்கீங்க? நாளையிலேர்ந்து சாப்பிடுங்க" என்றாள். நீ சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாய். வழியில் என்னிடம், "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா ஒன் அடுத்த காலுக்கு அவுங்களா ஜாமீன்?" என்றாய்.

ஊரெல்லாம் உப்புக்காக அடிபட்டு ஜெயிலுக்குப் போன அந்த வருஷம், அண்ணன் வந்து கூட்டத்தில் கேட்டதையெல்லாம் சொன்னான். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "எனுக்கு எதுக்குடா அந்தச் சண்ட, நான் வெள்ளக்காரனுக்கு ஒரு சிட்டிக வரி குடுத்தது இல்ல" என்றாய். அப்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

இந்தக் கோடையில் களத்துமேட்டில் விழுந்தாய். கை கால் இழுத்துக்கொண்டது. தூக்கி வந்து போட்ட மூன்றாம் நாள் போய்விட்டாய். வெயிலாலா, வயசாலா, வெறுங்கஞ்சியாலா? யாரைக் கேட்பேன்? கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வேன்?

முந்தாநாள் படையல். நீ ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் வைக்க வேண்டுமே. உனக்கு என்ன ஆசை என்று எங்களுக்கே தெரியவில்லை. சின்னம்மாதான் சொன்னாள்.

"எங்கக்காவுக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு. கண்ணாலத்துக்கு முன்னாடி என் பங்கையும் சேத்துத் துன்னுடுவா. அத வையிங்க."

அண்ணன் ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகை போடுகிற இடத்தில் கூலிக்குப் போகிறானே, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தான். ஏரி மீன் வாங்கி வைத்திருந்தான். உப்பில்லாமல், புளியில்லாமல் வேகவைத்துப் படைப்பதாக அவன் நினைப்பு. கருவாடு என்றதும் எழுந்துவிட்டான்.

"இன்னா சின்னம்மா பேசற? உசுரோட கீறப்போ தொடாதத, செத்தப்புறம் வாயில திணிக்கிறதா?"

"பத்தியம் ஒடம்புக்குத்தான்டா. ஒடம்பே எரிஞ்சி பூட்சே."

"அம்மா ஒடம்பு பூட்சி. இவ கீறா இல்ல?" என்று என்னைக் காட்டினான். "வெச்சவரும் முறிக்கல, அம்மாவும் முறிக்கல. இப்ப நாம முறிச்சி, இவ அடுத்த காலும் பூட்சின்னா? யார் தூக்கறது? தூக்க அம்மா கீறாளா?"

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை அம்மா. அவன் கண் என் வலது காலிலேயே இருந்தது. உன் பயத்தை அவன் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான். நீ இத்தனை வருஷம் வெறும் வாயாய் இருந்து காத்த கால் அது. அதை ஒரு சட்டிக் குழம்புக்குக் கொடுத்துவிடலாமா என்று எனக்கும் உள்ளே நடுங்கியது. பொய் சொல்லமாட்டேன். நான் நடுங்கினேன்.

ஆனால் இன்னொன்றும் தோன்றியது. முறியாத பத்தியத்தோடு நீ போயிருக்கிறாய். போன இடத்திலும் யாராவது இலை போட்டால், ஆகாது என்று கையை எடுத்துவிடுவாயே, உன்னை எனக்குத் தெரியாதா? அங்கே உனக்கு யார் வந்து முறிப்பார்கள்?

நான் கம்பை ஊன்றி எழுந்தேன். "அண்ணாத்தே, காலு யாருது?"

"இன்னாது?"

"காலு யாருதுன்னு கேக்கறேன்."

"உன்னுதுதான்."

"எனுக்கோசரம் வெச்ச பத்தியம்தான அது? வெச்சவரும் இல்ல, இருந்தவளும் இல்ல. மிச்சம் நான் ஒருத்திதான். எல்லாரும் எல்லாரையும் கேட்டீங்க, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் முறிக்கிறேன். வந்தா எனுக்கு வரட்டும்."

"உனுக்குப் பைத்தியம் புட்சிகீது."

"புடிக்கட்டும். நீ போயி கருவாடு வாங்கினு வா."

அவன் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். சின்னம்மாதான் போய் வாங்கி வந்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து உன் சட்டியைக் கழுவினேன். ஆமாம் அம்மா, உன் சட்டியேதான். அதில்தான் புளி கரைத்தேன்.

படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது அல்லவா? உப்பைக் கையில் எடுத்தேன். இத்தனை காலம் இந்த வீட்டில் உப்புப் பார்த்தவள், அன்றைக்கு நாக்கில் வைக்காமல் போட வேண்டியிருந்தது. "அம்மா, முறிச்சாச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். போட்டேன். இன்னும் ஒரு பிடி கை தானாகப் போட்டது.

இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பை ஊற்றி, விளக்கேற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நின்றோம். அண்ணனும் வந்து நின்றான். அந்த நேரத்தில் நீ வந்தாயா?

கதவு திறந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு கவளம் வாயில் வைத்த சின்னம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடிப் பாவி, இத்தினி வருசத்து உப்பையும் ஒரே நாள்ல போட்டுட்டியாடி!" என்றாள். கருவாட்டிலேயே உப்பு இருப்பதை நான் யோசிக்கவில்லை. உப்பென்றால் உப்பு, கடல் மாதிரி. சின்னம்மா சிரிக்கிறாள், அழுகிறாள், சோற்றைப் பிசைகிறாள். நானும் அப்படித்தான். அண்ணன் இலையில் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்துபோனான்.

நேற்று விடிந்தும் விடியாமலும் யாரோ என் முட்டியைத் தட்டினார்கள். கண் விழித்தால் அண்ணன் குந்திக்கொண்டிருக்கிறான்.

"காலு கீதா?" என்றான்.

நான் வலது கால் விரலை ஆட்டிக் காட்டினேன். "கீது அண்ணாத்தே."

அவன் அந்தக் கால் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். உனக்காக அவன் அப்போதுதான் அழுதான் அம்மா. சுடுகாட்டில்கூட அழவில்லை.

இன்னொரு சேதி. நம் தெருக்கோடியில் செங்கேணி இருக்கிறாளே, அவள் கைக்குழந்தைக்குப் போன மாதம் ஜுரம் வந்து வலது கால் துவண்டுவிட்டது. எந்த வைத்தியரோ அவளுக்கும் பத்தியம் வைத்திருக்கிறார். காரியத்துக்கு வந்தவள் பந்தியில் உட்காரவில்லை. "எனுக்கு ஆவாதுக்கா" என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போகிற நடை உன் நடையாகவே இருந்தது.

நாளைக்கு நான் அவள் வீட்டுக்குப் போகப்போகிறேன். எண்ணெய் போடு, மணலில் நிற்க வை, ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போ என்பேன். எதையும் தடுக்கமாட்டேன், தாய் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்த வைத்தியரிடம் அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போவேன். இந்தப் பத்தியம் என்றைக்கு முடியும், அவர் இல்லாமல் போனால் யார் முறிப்பது, இரண்டையும் அவர் வாயால் சொல்ல வைக்காமல் அந்த வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன். கம்பைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவேன். இது உன் மேல் ஆணை.

நீ இனிமேல் எது கிடைத்தாலும் சாப்பிடு.

உன்னால் மிஞ்சிய காலில் நிற்கும் உன் மகள்,
அஞ்சலை