நீலம் போட்ட வேட்டியும் உன் பேத்தியின் நிறமும்

மாமே,

நீ போன பிறகு என்னிடமே இருக்கும் உன் கேமராவை இன்று காலை துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். சும்மா இயக்கிப் பார்த்தபோது திரையில் வரிசையாக எழுத்துகள் வந்தன. எனக்காக நீ தமிழுக்கு மாற்றி வைத்த எழுத்துகள். இத்தனை வருடமும் அவை எனக்கு வெறும் கோடும் சுழியும்தான். மேலிருந்து எண்ணிக்கொண்டே போய் அழுத்துவேன். இன்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். வெ... ள்... ளை. வெள்ளை. அடுத்து, சமநிலை. நீ 'ஒயிட் பேலன்ஸ்' என்பாயே, அதுதான். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். உள்ளேயிருந்து மருமகள், "இன்னா மாமா, கரண்ட் கிரண்ட் அட்ச்சிடுச்சா?" என்று ஓடி வந்தாள்.

கோவில்பதாகையில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. பரவாயில்லை, எனக்கும் அவசரமில்லை, உனக்கும் இல்லை.

அம்பத்தூர் கம்பெனியிலிருந்து நான் ஓய்வு பெற்ற சமயம், ஆவடியில் உன் போட்டோ ஸ்டுடியோவை நீயும் மூடியிருந்தாய். ஒரு நாள் வந்து, "இன்னா நைனா, எந்நேரமும் டிவி முன்னாடியே குந்திகினு கீற?" என்று கேமராவை என் மடியில் வைத்தாய். எனக்குப் படிக்கத் தெரியாதே என்றேன். "படம் புடிக்கத்தான கூப்புடறேன், பரிச்ச எழுதவா கூப்புடறேன்?" என்றாய்.

கொரட்டூரில் உன் வீட்டுக் கூடத்தில்தான் முதல் பாடம். ஒரு வெள்ளைத் தட்டைக் குண்டு பல்புக்குக் கீழே வைத்து எடுக்கச் சொன்னாய். மஞ்சளாக வந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தோம். பச்சை தட்டியது. என் கண்ணுக்கு இரண்டு இடத்திலும் அது வெள்ளைத் தட்டுதான். "நம்ம கண்ணு சமாளிச்சிக்கும் மாமே. கேமராவுக்கு அவ்ளோ தெறம பத்தாது. எந்த வெளிச்சத்துல எடுக்கறமோ, அந்த வெளிச்சத்துலயே ஒரு வெள்ளையக் காட்டி, இதான்டா வெள்ளன்னு நாமதான் சொல்லணும்," என்றாய். காட்டினேன். தட்டு தட்டாகவே வந்தது. அன்று நான் குதித்த குதியில் உன் மனைவி காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு உன் பேத்தி சர்ச்சில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை நாள் வந்தது. படமெடுக்க என்னை வரச் சொன்னாய். பயந்து போனேன். அப்போதுதான் உன் மகளின் கல்யாண ஆல்பத்தைப் பற்றிச் சொன்னாய். அப்பா என்பதால் அன்று உன்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தவன் அவள் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டான். அந்த ஆல்பத்தை அவள் ஒரு முறைக்கு மேல் திறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் படமெடுத்தாலும் ஏதாவது வேலை சொல்லி நகர்ந்துவிடுவாள். "பேத்தியும் அவள மாரியே கறுப்பு. கவுனு வெள்ளையா வரணும், புள்ள கறுப்பாவே வரணும். அவ்ளோதான் நான் கேக்கறது," என்றாய்.

உங்கள் கோயிலுக்கு வருவதென்றால் சும்மாவா? இருப்பதிலேயே நல்ல வேட்டியை நானே துவைத்து, சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றி அலசிக் கட்டிக்கொண்டு வந்தேன். பீடத்தைச் சுற்றி மஞ்சள் விளக்குகள். பக்கத்தில் டியூப்லைட்டுகள். கேமராவுக்கு வெள்ளை காட்ட வேண்டுமே! கையில் வேறெதுவும் இல்லை. வேட்டித் தலைப்பை விரித்துப் பிடித்துக் காட்டினேன்.

பீடத்தருகே வரிசையில் நின்றிருந்த உன் பேத்தியை ஒன்று எடுத்துப் பார்த்தேன். பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டியது போல் இருந்தது. கவுன் சந்தனக் கலர். மறுபடி வேட்டியைக் காட்டினேன். மறுபடியும் மஞ்சள். பூசை ஆரம்பிக்கப் போகிறது. நான் வேட்டியும் கையுமாகத் தவிப்பதை முன் பெஞ்சிலிருந்து நீ எப்படிப் பார்த்தாயோ, எழுந்து வந்துவிட்டாய்.

"இன்னா மாமே, மூஞ்சே செத்துக் கீது?"

"எல்லாம் மஞ்சளா வருதுப்பா."

"எத்தக் காட்டி செட் பண்ண?"

வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்தாய். "யோவ், எவ்ளோ நீலம் ஊத்துன?"

"விசேஷமாச்சேன்னு கொஞ்சம் கூடத்தான் ஊத்துனேன்."

கோயில் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். "நீலத்தப் போயி வெள்ளன்னு சொல்லிக்கீற. அதுவும் நம்பி, மத்ததெல்லாம் மஞ்சளாக்கிடுச்சு. அது மேல தப்பே இல்ல."

நீயே எடு என்று கேமராவை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "நான் எடுத்தா, பேத்திய யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு, யாரிடமோ ஒரு வெற்றுத் தாளை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்து, முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாய். தாள் மட்டும் தெரியும்படி நெருங்கி அழுத்தினேன். திரையில் ஏதோ எழுத்து வந்தது. "சரின்னு சொல்லுது. இனிமே தைரியமா எடு," என்று போய் உட்கார்ந்துகொண்டாய்.

பூசை முடிந்ததும் குடும்பமே என்னைச் சூழ்ந்தது. பிள்ளை தன் கவுனைத்தான் பார்த்தாள். "ஐ, எவ்ளோ வெள்ள!" என்றாள். உன் மகள் மட்டும் படத்தில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் விளையாடிவிட்டு வீட்டுக்கு வரும் அதே முகம், அதே நிறம். பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு மகளின் பக்கத்தில் போய் நின்றாள். "அங்கிள், என்னையும் சேத்து ஒண்ணு எடுங்க," என்றாள். நீ தூண் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பார்த்தேன்.

வீட்டில் சும்மா கிடந்த என்னை இப்படி ஒரு நாளில் கொண்டுபோய் நிறுத்தினாயே, அதற்கு நன்றி சொல்ல அன்று வாய் வரவில்லை. இதோ, என் கையாலேயே எழுதுகிறேன். நன்றி மாமே.

இப்போதும் தெரிந்தவர்கள் சின்னச் சின்ன விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் வேலப்பன்சாவடியில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, பொண்ணு கொஞ்சம் கலரா தெரியறாப்ல எடுங்க," என்றார்.

"கலரு அவங்ககிட்டயே கீதும்மா," என்றேன். "நான் வெள்ளைய மட்டும் பாத்துக்கறேன்."