ஒரு கை சூடை மீன்

அய்யா,

பாம்பனில் நம் தெரு முடிகிற இடத்தில், கடலோரமாகப் புதிதாக ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏறுவதற்குப் படி இல்லை, சரிவு. அதன் தொடக்கத்தில் தரையிலேயே நீல வண்ணத்தில் ஒரு சக்கர நாற்காலிப் படம். இன்று சாயங்காலம் அந்தப் படத்தை மிதிக்க மனம் வராமல் ஓரமாக ஒதுங்கி ஏறினேன். ஏறியதும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இன்னும் ஒரு வருசம் இருந்திருக்கக் கூடாதா?

நல்ல பாதைதான். கடல் உள்வாங்கி வளைகிற இடமெல்லாம் கூடவே வளைந்து போகிறது. மேடு பள்ளம் இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார சிமெண்டு பெஞ்சு. பூச்செடியும் வைத்தார்கள், ஆடு தின்றுவிட்டது. ஊருக்கு வந்தவர்கள் ஷூ போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறுவிறுவென்று நடக்கிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால், "போற எடமும் இல்லாம எதுக்குத் தாயி இந்த ஓட்டம் ஓடுறாக?" என்று மகள் என்னிடம் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பக்கத்துக் கடலை நம் ஆட்கள் பெண்கடல் என்பார்கள். அலை அடங்கியே இருக்கும். சூசை மாமாவின் படகைக் கரையேற்ற நீங்கள் கை கொடுக்கப் போன அன்றும் அது அமைதியாகத்தான் கிடந்தது. படகுக்கு அடியில் வைத்து உருட்டுகிற கட்டை வழுக்கி, படகு உங்கள் இடுப்பில் சாய்ந்தது. அதற்கப்புறம் நீங்கள் எழுந்து நிற்கவில்லை.

மணலில் நாற்காலிச் சக்கரம் புதைந்துவிடும். அதனால் சூசை மாமாவும் அவர் தம்பியும் தினமும் சாயங்காலம் வந்து, நாற்காலியோடு உங்களைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் வைப்பார்கள். வைத்ததும் மாமா கையை நீட்டுவார். "மச்சான், கரையேத்திட்டோம்ல. எங்க பங்கு மீனு எங்க?" படகு இழுக்கக் கை கொடுத்தவனுக்கு ஒரு கை மீன் கொடுப்பது நம் கரையின் வழக்கம். கேட்காமலே கொடுக்க வேண்டும். மாமா கேட்டது விளையாட்டுக்கு. எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு ஒருநாள் வரமாட்டேன் என்றீர்கள். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அன்று கஞ்சி கொடுக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "கை குடுத்தவனுக்கு ஒரு கை மீனு குடுக்க ஏலாதவன் கரைக்கு எதுக்குத் தாயி போகணும்?"

அதன் பிறகு நீங்கள் கடலைப் பார்க்கவேயில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்த கடலை, சாகும்வரை சத்தமாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது தாங்கவில்லை அய்யா. இப்போதும் தாங்கவில்லை.

இன்று சூசை மாமா பாதையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார். "இந்தப் பாதை அப்பவே இருந்திருந்தா அவனே உருட்டிக்கிட்டு வந்திருப்பான்ல, தாயி" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அவன் வர்றத நிப்பாட்டுனது எம் படகு மேல உள்ள கோவத்துலயா? எங்கிட்ட மறைக்காதத்தா."

"இல்ல மாமா. காத்து ஒத்துக்கல, அம்புட்டுத்தான்" என்றேன். நீங்கள் சொன்ன பொய்யைத்தான் சொன்னேன். காரணம் படகு இல்லை, அவருடைய விளையாட்டுப் பேச்சுதான் என்று அந்த மனுசனிடம் எப்படிச் சொல்வது? அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பினாரா, தெரியவில்லை.

அந்த நேரத்தில் கீழே மணலில் ஒரு படகு வந்து ஒதுங்கியது. ஆள் போதவில்லை. "ஒரு கை குடுங்கக்கா!" என்று குரல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கட்டை பக்கம் போகாமல், உங்களை நினைத்துக்கொண்டே தள்ளினேன். படகு கரையேறியதும் கூப்பிட்ட பையன், நான் கேட்காமலே, ஒரு கை சூடை மீனை அள்ளித் தந்தான்.

ஈரம் சொட்டச் சொட்ட மறுபடி பாதைக்கு ஏறினேன். மாமா அங்கேயேதான் இருந்தார். அந்த மீனை அவர் மடியில் போட்டு, "இந்தாங்க மாமா, அய்யாவைத் தூக்குன பங்கு" என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கொடுத்திருந்தால் உங்கள் மனசு ஆறியிருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். வாசனை தெரியாமல் இருக்க மீனை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "வாரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மீனை இன்னும் ஆயவில்லை. அடுப்படியில் தட்டில் அப்படியே இருக்கிறது. நீங்கள் கொடுக்க வேண்டியது அது, அவர் வாங்க வேண்டியது. நாளைக்கும் அந்தப் பாதையில் நடப்பேன், நாளைக்கும் கொடுக்க மாட்டேன், அய்யா.