கொடுக்காத பெனால்டி

ஞாயிறு, நவம்பர் 16

கால்பந்து நடுவராக எனக்குப் பதவி உயர்வு கொடுக்கலாமா என்று மதிப்பிடும் அதிகாரி இன்று மைதானத்தோரம் குறிப்பேட்டோடு நின்றார்.

கடைசி நிமிடங்களில், மிச்சம் (Mitcham) ஊர் அணியின் ஒரே தமிழனைக் கோலுக்கு முன்னால் காலில் உதைத்து விழுத்தினார்கள். விசில் என் வாய்க்கு வந்துவிட்டது. அதற்குள் அவன், "அண்ணை, பெனால்டி அண்ணை!" என்று கத்தினான். எங்கள் தமிழ்ப் பழைய மாணவர் போட்டிகளில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த ஆங்கில லீக்கில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டான் என்பார்களே என்று பயந்தேன். தொடர்ந்து விளையாடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

மிச்சம் அணி ஒரு கோலால் தோற்றது.

பெனால்டி கொடுக்காத அந்த முடிவுக்குத்தான் அதிகாரி என்னை மிகவும் பாராட்டினார். நான் உறுதியான ஆளாம். உறுதி! நான் பயந்துதான் கொடுக்காமல் விட்டேன் என்பது அவருக்குத் தெரியவில்லை. உயர்வு கிடைத்துவிடும் போலிருக்கிறது.

பிறகு அவன் நொண்டிக்கொண்டு கைகொடுக்க வந்தான். காலுறையில் இரத்தம். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"குறை நினையாதேங்கோ. அதில நான் அண்ணை எண்டு கூப்பிட்டிருக்கக் கூடாது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"பரவாயில்லை தம்பி," என்று அவனை நான் மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.