சுவரில் முகம் தெரிந்த வருஷம்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
9-12-2003

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு அப்பா மரியமுத்து எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பிரான்சு குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் செபத்தில் சொல்கிறோம். கையெழுத்தைப் பார்த்துவிட்டு யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே. நானேதான் எழுதுகிறேன். நம் தெரு பால்வாடியில் சாயங்காலம் கமலாம்பாள் டீச்சர் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார், ஆடி மாசம் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் உங்களுக்கு என்ன தெரியும் பெரியவரே என்று கேட்டார், சுவரில் எவன் எழுதினாலும் சுண்ணாம்பு அடித்து அழிக்கத் தெரியும் என்றேன், வகுப்பே சிரித்தது. இத்தனை வருஷம் அழித்த கை இப்போது எழுதுகிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் ஆகிறது, அந்த நேரத்தில் நார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து ஒரு சுவரையே முடித்துவிடலாம், ஆனாலும் எழுதி முடித்து அதை நானே திரும்பப் படிக்கிறபோது இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, அம்மாவுக்கு வந்திருப்பதும் அருள்ராஜ் மாமாவுக்கு வந்திருப்பதும் ஒரே வியாதிதானா, அம்மாவும் கடைசியில் மாமா மாதிரி ஆகிவிடுவாளா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று. அப்துல் லத்தீப் கடை பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள், கண்ணாடிக் கதவு வேறு சரியாக மூடாது, நல்லா இருக்கா நல்லா இருக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். இது சோகக் கடிதம் இல்லை, பொறுமையாகப் படி. உன் அம்மாவை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்படுகிறேன் என்பது முடிக்கிறபோது உனக்கே தெரியும்.

மாமா கதை உனக்குத் தெரிந்ததுதான். உன் கல்யாணத்திலேயே காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், அப்போதே அவருக்குக் கை உதறல். அதற்குப் பிறகு நடை சுருங்கியது, பேச்சு மெல்லிசானது, ஆனால் புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது, கோட்டுச்சேரியில் யார் நிலம் எவ்வளவுக்குப் போனது என்று அவரைத்தான் கேட்பார்கள். மறதி எல்லாம் இந்த இரண்டு வருஷமாகத்தான். இப்போது பெற்ற மகனையே நீங்க எந்த ஊரு தம்பி என்று கேட்கிறார். அம்மாவுக்கு இந்த வருஷம் ஈஸ்டர் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்தது, உனக்கு எழுதுகிற எழுத்தும் குறுகிக்குறுகி எறும்பு மாதிரி ஆகிவிட்டது, கடைசியாக எழுதிய கடிதத்தை அவளே கிழித்துப் போட்டாள். அதைப் பார்த்துத்தான் நான் பால்வாடிக்குப் போனேன். மாமா வீட்டுப் பெரியநாயகி அத்தை வந்து பார்த்தாள், ஒரே வயிற்றில் பிறந்தவங்க, ஒரே வியாதிதான் அண்ணே, இதுக்கு எதுக்குத் தனியா டாக்டர் என்று சொல்லி மாமாவின் உதறல் மாத்திரையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல மனசில்தான் செய்தாள், அதற்காக அவளிடம் நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. இரண்டு கிறிஸ்மசுக்கு முன்னால் மழை விடவே இல்லை, நினைவிருக்கிறதா, அந்த வருஷம் நம் வீட்டுக்கு நான் சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை, ஊர் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிப்பவர் வீட்டுச் சுவர் மட்டும் கறையாக இருக்கிறதே என்று பங்குச் சாமியார்கூட கேலி பண்ணினார். மழை ஈரம் ஊறிய அந்த ஓதக் கறையில்தான் அம்மாவுக்கு முகங்கள் தெரிய ஆரம்பித்தன. பிறகு சமையல் கட்டில் அவள் கண்ணுக்கு மட்டும் இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், கவுன் போட்ட பெண் ஒன்று, அரைக்கால் சட்டைப் பையன் ஒன்று. சில நாள் அம்மா வழக்கம்போலத் தெளிவாக, வெடுக்கென்று பேசுவாள், சில நாள் உலையில் அரிசி போடாமலே அரிசி வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பயந்துபோய் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது, உன்னிடமும் கூடாது, தெரிந்தால் பைத்தியம் என்பார்கள், தெருவில் செபமாலை சொல்ல விடமாட்டார்கள் என்று அழுதாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சந்தேகம் வந்தால் ஏங்க, அங்க இருக்கா இல்லையா என்று கேட்பாள், நான் எட்டிப் பார்த்து உள்ளதைச் சொல்வேன். இல்லை என்றால் இல்லை. ஒரு தடவைகூட விளையாட்டுக்கும் மாற்றிச் சொன்னதில்லை. அடுத்த கிறிஸ்மசுக்கு அந்தச் சுவரைச் சுரண்டி மூன்று பூச்சு அடித்தேன், முகங்கள் போய்விட்டன, பிள்ளைகள் போகவில்லை.

மாமாவின் மாத்திரையைப் போட்டதும் கை கொஞ்சம் லேசானது, ஆனால் இரண்டு பிள்ளைகள் இருந்த இடத்தில் தேர்த் திருவிழாக் கூட்டமே வந்துவிட்டது. ஆட்கள், நாய்கள், கழுத்தில் மணி கட்டிய ஆடு. அம்மா கட்டிலை விட்டு இறங்கவே பயந்தாள், இருக்கா இல்லையா என்று கேட்பதையும் விட்டுவிட்டாள், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, அத்தையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், முதல் கேள்வியே எது முதலில் வந்தது, நடுக்கமா, மறதி குழப்பமா என்றுதான் கேட்டார். அத்தை நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நடுக்கந்தாம்மா, எங்க வீட்டுக்காரருக்கு வந்த மாதிரியே அச்சு அசலா என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். பேசினால் சத்தியம் போய்விடும், பேசாவிட்டால் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவரைக் கேக்காதீங்கம்மா, நான் சத்தியம் வாங்கியிருக்கேன், பாவம் வாயை மூடிக்கிட்டு நிக்கிறாரு, நானே சொல்றேன் என்றாள். சுவரில் முகம், சமையல் கட்டில் பிள்ளைகள், ஈஸ்டருக்குப் பிறகு நடுக்கம், எல்லாவற்றையும் செபமாலை மணி உருட்டுவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். இப்பக்கூட அந்தப் பையன் உங்க மேசை ஓரத்துலதான் உட்காந்திருக்கான், ஆனா அவன் இல்லைன்னு எனக்குத் தெரியும், இத்தனை நாள் வீட்டுக்கு வர்ற பிள்ளை ஒரு வாய் சோறு கேட்டதில்லையே என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தூக்கத்தில் கை கால் வீசுவார்களா என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். வருஷக்கணக்காக உதை வாங்குகிறேன், என் குறட்டைக்குத்தான் அடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன் என்றேன், அவரே சிரித்துவிட்டார், அதுவும் இந்த வியாதியின் ஒரு அடையாளமாம்.

அவர் விளக்கிச் சொன்னதை நான் என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன், உனக்கும் அப்படியே சொல்கிறேன். சுவரில் ஓதம் தரையிலிருந்தும் ஏறும், மேலே தளத்திலிருந்தும் இறங்கும். நாள் போனால் இரண்டு சுவரும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், உள்ளே இருப்பதும் ஒரே ஈரந்தான். ஆனால் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் கை வைத்தால் வேலை கெட்டுவிடும். மாமாவுக்கு உடம்பில் ஆரம்பித்துப் பல வருஷம் கழித்துப் புத்திக்கு ஏறியது, அது பார்க்கின்சன் வியாதியில் பின்னால் வருகிற மறதி. அம்மாவுக்குப் புத்தியில் ஆரம்பித்து உடம்புக்கு இறங்கியிருக்கிறது, அதற்கு லூயி பாடி என்று பேர், கண்டுபிடித்தவர் பேராம். இரண்டு பேர் மூளையிலும் சேருவது ஒரே மாதிரிப் பொடி மணிகள்தானாம். அதனால் அத்தை சொன்னது முழுப் பொய்யும் இல்லை, உறவு உண்டு, வந்த வழி வேறு. மாமாவை நடக்க வைக்கிற மாத்திரை அம்மாவுக்குக் கூட்டத்தைக் கூட்டிவிடும். அம்மாவுக்கு வேறு மாத்திரை, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இப்போது கூட்டமும் இல்லை, ஆடும் இல்லை. பெண் பிள்ளை போய்விட்டது, பையன் மட்டும் எப்போதாவது வருகிறான். முழுக்கக் குணமாகாது, வருஷம் போகப்போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார், நானும் உன்னிடம் மறைக்கவில்லை. மாமா மாதிரி ஆவாளா என்றால் ஆனாலும் ஆகலாம். இன்றைக்கு ஆகவில்லை.

செபமாலை மாசமான அக்டோபர் முழுக்கத் தெருவில் அம்மாதான் முன்னின்று செபமாலை சொன்னாள். முதல் நாளே எல்லாப் பெண்களிடமும் எனக்கு இந்த மாதிரி இருக்கு, தப்பினா எடுத்துக் கொடுங்கடி என்று சொல்லிவிட்டாள். ஓரிரண்டு நாள் மணியில் தப்பினாள், பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எதற்குப் பயந்து சத்தியம் வாங்கினாளோ அது நடக்கவே இல்லை.

நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, வேண்டாம் தாயி, லீவுக்குக் குழந்தையோடு வா, போதும். போனில் அம்மாவிடம் நான் யார் சொல்லு, இன்னைக்கு என்ன கிழமை என்று சோதிக்காதே, அவளுக்கு ரோசம் வந்துவிடுகிறது. சமையல் சந்தேகம் கேள், சந்தோஷமாகச் சொல்வாள். இன்னொன்று முக்கியம், நான் இல்லாத சமயத்தில் அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், சத்தம் போடுகிறாள் என்று அடக்குகிற ஊசி எதுவும் போடுவதற்கு முன்னால் இந்த வியாதிப் பேரைச் சொல்லிவிட வேண்டும், அந்த ஊசியில் சிலது இந்த வியாதிக்காரர்களை மரக்கட்டையாக ஆக்கிவிடுமாம். மாப்பிள்ளைக்கும் சொல்லி வை.

பால்வாடியிலேயே எழுதிக்கொண்டிருந்த இதை நேற்றுச் சாயங்காலம்தான் முதல் முறையாக வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன், மூக்குக் கண்ணாடி போட்டு, விளக்குக்கு அடியில். அம்மா சமையல் கட்டு வாசலில் வந்து நின்று ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, ஏங்க, முன்னால யாரோ ஒருத்தரு உட்காந்து எழுதிக்கிட்டிருக்காரு, இருக்காரா இல்லையா என்று சத்தமாகக் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இத்தனை வருஷத்தில் நான் எழுதி அவள் எங்கே பார்த்தாள். இருக்காரு இருக்காரு, நல்லாப் பாரு என்றேன். கிட்டே வந்து என் தோளைத் தொட்டாள், காகிதத்தைத் தொட்டாள், சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்து, வரி எல்லாம் சரிஞ்சு போவுது, நேரா இருக்க நூல் அடிச்சா சுண்ணாம்பு பூசினீங்க இத்தனை நாளும் என்று கேட்டாள்.

சேசுவின் திருஇருதயம் உங்கள் மூன்று பேரையும் குறையில்லாமல் காக்கட்டும். குழந்தையின் நெற்றியில் எங்கள் இரண்டு பேருக்காகவும் சிலுவை போட்டு முத்தம் கொடு. பதிலை நீ பெரிய எழுத்தில் எழுது, அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சூ. மரியமுத்து

கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பதைக் கறை என்று நினைத்துவிடாதே. அம்மா போட்ட கையெழுத்து.

இருதயமேரி