உலகக் கண்காட்சியில் நீ கும்பிடுகிறாய்

மச்சான்,

இன்று குரோய்டன் டிராமில் பக்கத்தில் நின்றவரிடம் பொய்த் தேங்காய் வாசம் அடித்தது. அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

அதே வாசத்தைத்தானே நாம் வேலை செய்த பட்டறையில் தெளித்துப் பார்த்தார்கள். வெளிநாட்டில் நடக்கும் உலகக் கண்காட்சிக்குப் பசிபிக் தீவு மண்டபம் ஒன்றைத் துண்டு துண்டாகச் செய்து அனுப்பினோம். வருகிறவர்களுக்குத் தீவு மணக்க வேண்டுமாம். ஓலை பிளாஸ்டிக், பூமாலை பிளாஸ்டிக். அந்தச் சனங்களின் முன்னோர் உருவங்களும் பிளாஸ்டிக். குடிவகை விற்கும் மேசைக்கு அவைதான் கால்கள். தீவுக்காரர் ஒருவரைக்கூட அந்தப் பக்கம் கண்டதில்லை.

ஒருநாள் ஓர் உருவத்தின் தலையில் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ அதை எடுத்தாய். சட்டைக் கையால் தலையைத் துடைத்து, வேலைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாய். வெறும் பிளாஸ்டிக்தானே என்று நான் நக்கலடித்தேன்.

"மஞ்சளைப் பிடிச்சு வைச்சாலும் பிள்ளையார்தானே, மச்சான். இது ஆரோ ஒரு சனத்தின்ரை பூட்டன்."

மனேஜர் அதைப் போனில் வீடியோ பிடித்தார். நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ மாரடைப்பில் போன பிறகுதான் கண்காட்சி திறந்தது. உன் மகள் போனில் காட்டினாள். மண்டப வாசலில் பெரிய திரை, பறையடி, நடுவில் நீ கும்பிடுகிறாய். கீழே, தீவின் மூத்தவர் வழிபடுகிறார் என்று எழுதியிருக்கிறது. உரும்பிராயில் பிறந்த தமிழன் உன்னை!

உன் மனைவி அழவில்லை. "செத்த மனுசனை வேடிக்கை காட்டுகினம், அண்ணை. எடுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

மனேஜரிடம் போனேன். பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறதாம், வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லையாம். பிறகு முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, தீவுக்காரர் யாராவது ஆட்சேபித்தால் கட்டாயம் யோசிப்போம், இது உங்கள் பண்பாடு இல்லையே என்றான். சீ, என்ன பிறவிகள். காறித் துப்பியிருக்க வேண்டும். வேலையை விட்டதோடு சரி.

திரையில் அது இன்னும் ஓடுகிறது. உன் மனைவி அந்தக் கதையையே எடுப்பதில்லை.

போன வெள்ளி விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனேன். கையைக் கூப்பினேன். கண்ணை மூடுமுன், யாராவது போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். இப்போதெல்லாம் பார்க்காமல் கும்பிட முடியவில்லை, மச்சான்.