தாய்மாமன் மடி

செக்கானூரணி
2-5-1979

அன்புத் தங்கச்சி தங்கப்பொண்ணுக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் மதினி ராக்கம்மாளும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் மருமகளும் எப்படி?

வைகாசி கடைசி வெள்ளியில் மருமகளுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கையில் குறை வைப்பேனா? கொட்டுமேளம், ரேடியோ செட், ஆட்டுக்கிடாய் எல்லாம் பேசியாச்சு.

நம்ம அய்யாவுக்கு வாதத்தில் விழுந்த பக்கம் விழுந்தபடிதான். வேட்டியிலேயே எல்லாம் போகிறார். மூக்கைப் பொத்தாமல் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. விருந்தாடிகள் வரும் நேரம். நாற்றத்துக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் ஏதாவது மருந்து இருந்தால் அனுப்பு.

உன் அண்ணன்,
உக்கிரபாண்டி

செல்லூர், மதுரை
5-5-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வார்டு முழுக்க வாந்திபேதிக்காரர்கள். லீவு தர மறுக்கிறார்கள். அதனால் சொல்வதை நீங்களே செய்யுங்கள்.

நாற்றத்துக்கு மருந்து தேடாதீர்கள், முதுகைப் பாருங்கள். இடுப்பெலும்பு, குதிகால் எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நனைந்த துணியை உடனே எடுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுங்கள், இருமினால் நிறுத்துங்கள். மூத்திரம் என்ன நிறம், நாக்கு ஈரமாக இருக்கிறதா, எழுதுங்கள்.

அருவருப்பாக இருக்கும், தெரியும். பீச்சட்டி எடுக்கிற கை என்று என் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர்தானே நீங்கள்! அய்யாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
தங்கப்பொண்ணு

செக்கானூரணி
14-5-1979

அன்புத் தங்கச்சிக்கு,

இனி நீ கவலையே படவேண்டாம். நாற்றம் பாதி குறைந்துவிட்டது. எல்லாம் உன் மதினி கண்டுபிடித்த வழி. 'தண்ணி குடுத்தாத்தானே நனைக்கிறாரு'ன்னு தண்ணீரை நிறுத்திவிட்டாள். காலையில் பஞ்சால் உதட்டை நனைப்பதோடு சரி, மத்தியானம் அரை தம்ளர் கஞ்சி. இப்போது ஒரு வேட்டிதான் நனைகிறது, அதுவும் செங்கல் நிறத்தில் கொஞ்சம். முன்போல் கூப்பாடும் இல்லை, நாள் முழுக்கத் தூங்குகிறார். இடுப்பில் பிளந்த இடத்தில் அடுப்புச் சாம்பல் அடைத்திருக்கிறோம். நீ படித்த படிப்பெல்லாம் எதற்கு?

வியாழக்கிழமை சீர் ஜவுளி எடுக்க மதுரை வருகிறேன்.

உக்கிரபாண்டி

செல்லூர், மதுரை
18-5-1979

உக்கிரபாண்டிக்கு,

நேற்று நீ ஜவுளிக்கடையில் இருந்தபோது டாக்சி வைத்து வந்து அய்யாவைத் தூக்கி வந்துவிட்டேன். கேள்விப்பட்டிருப்பாய். என்ன பார்த்தேன் என்பதையும் கேட்டுக்கொள்.

நெஞ்சுத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளியபடியே நின்றது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. சாம்பலைக் கழுவினால் என் உள்ளங்கை போகும் அளவுக்குப் புண், உள்ளே புழு. இதைவிட மோசமான புண்ணையெல்லாம் கழுவிவிட்டு அதே கையால் சோறு தின்றிருக்கிறேன். நேற்று உன் வாசலில் வாந்தியெடுத்தேன். புண்ணைப் பார்த்து இல்லை. உன் பெண்டாட்டி சிரித்த முகத்தோடு, 'பாத்தியா, நாத்தமில்லாம எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கோம்'னு சொன்னாளே, அதைக் கேட்டு.

அய்யா தூங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார். கூப்பாடு போட்டதும் தாகத்துக்குத்தான். ராத்திரி முழுக்க குளுக்கோஸ் ஏறியது. விடியக்காலம் படுக்கையை நனைத்துவிட்டார். விரிப்பை முகர்ந்து பார்த்து அழுதேன். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சீர் கொண்டு வராதே. கொட்டுமேளத்துக்கு முன்தொகை கொடுத்திருந்தால் உன் வீட்டு வாசலிலேயே அடிக்கச் சொல். உன் மடியில் என் மகளை உட்காரவைக்க எனக்குக் குமட்டுகிறது. அய்யா உட்காரத் தேறட்டும், ஆடியானாலும் ஐப்பசியானாலும் அவர் மடியில் வைத்துக் குத்திக்கொள்கிறோம். மடி நனையும். துணி மாற்ற எனக்குத் தெரியும்.

தங்கப்பொண்ணு