கோல் கிழித்த கோடு

பிப்ரவரி 4

மறுபடியும் பனி. மாடுகள் வெளியே வர மறுக்கின்றன.

கணவாய்க்கு அப்பாலிருந்து தங்கை கமார் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "பனி உருகுறவரைக்கும் நான் தாங்க மாட்டேன். அண்ணனுக்கு முடிஞ்சா வரட்டும்."

முடிஞ்சாவா?

பிப்ரவரி 5

என் மகன் எர்போலும் இன்னும் மூன்று பேரும் ஒரு கல்யாணத்துக்காகக் கணவாயைத் தாண்டுகிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். எல்லோரும் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். என் மனைவியின் தம்பி தோக்தார் மட்டும் வாயைத் திறந்தான். அவன்தான் இந்த வருஷம் முன்னே வழிகாட்டிப் போகிறவன்.

"அத்தான், எல்லாரும் சறுக்குப் பலகையில மேடு ஏறி இறங்கிக் காட்டணும். உங்களுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது."

எனக்குப் பரீட்சை! இவன் சின்ன வயதில் அதே மேட்டில் தலைகுப்புற விழுந்து, காற்சட்டை நனைந்து, அழுதுகொண்டு வந்தான். நான்தான் என் அங்கியால் சுற்றித் தூக்கி வந்தேன். அங்கி கறுப்பு. காலர் மட்டும் நரித்தோல். எனக்கு எதுவும் மறக்காது.

இதையும் எழுது ஷோல்பான். எனக்கு எழுத்து வராது, மருமகள் எழுதுகிறாள். சிரிக்காமல் எழுது.

பிப்ரவரி 7

என் சறுக்குப் பலகைகளின் அடியில் புதிய குதிரைத்தோல் அடித்தேன். மயிர் பின்னோக்கிப் படிந்திருந்தால் ஏற்றத்தில் வழுக்காது. முழங்கால் வலிக்கிறது. தோல் அடித்ததால்தான்.

பிப்ரவரி 9

இன்று மேட்டில் பரீட்சை. முதுகில் ஆளுக்கு ஒரு மாவு மூட்டை. நான் இரண்டு இடத்தில் நின்றேன். நரித்தடம் பார்க்க நின்றேன்.

"எத்தனை நரி மாமா?" என்கிறாள் இவள். எழுது, பேசாதே.

இறங்கினேன். விழவில்லை! ஆனால் எங்கள் ஊரில் விழுந்தாயா என்று எவனும் கேட்பதில்லை. திரும்ப ஏறிப்போய், கையிலிருக்கும் ஒற்றைக் கோல் பனியில் கிழித்த கோட்டைத்தான் பார்ப்பார்கள். காலில் பலமிருப்பவனின் கோல் பனியைத் தடவிக்கொண்டு போகும். கால் நடுங்குபவன் கோலின் மேல் சாய்ந்துகொண்டே வருவான், கோடு ஆழமாகிவிடும். கணவாய்க்கு அப்பாலுள்ள சரிவுக்குக் கீழே பாறை. அங்கே கோலை நம்பினவன் தானும் போவான், கீழே இருப்பவனையும் இழுத்துக்கொண்டு போவான்.

தோக்தார் ஒரு கோட்டுக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை மறைந்தது.

"யாருடையது இது?"

எர்போலுடையதாக இருக்கும் என்றேன். எர்போல் என்னைப் பார்த்தானே ஒரு பார்வை... பெற்ற மகன்! ஒரு வார்த்தை, "ஆமா, என்னுதுதான்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிப்ரவரி 10

யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 11

அவன் கண்ணில்தான் கோளாறு. எல்லோர் கோடும் ஒன்றாய்க் கலந்து கிடந்தால் யாருடையது என்று எப்படித் தெரியும்? நாளை புதுப்பனியில் நான் மட்டும் இறங்குவேன். பிறகு அந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். அவன் முகத்தை அந்தக் கோட்டிலேயே தேய்க்கிறேன்.

பிப்ரவரி 12

போனேன். மேட்டில் என் கோடு ஒன்றுதான் இருந்தது.

தோக்தாரைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 13

இன்று நன்றாகக் கத்திவிட்டேன். தோக்தார் வந்து, ஊற்றின தேநீர் ஆறுவதற்குள் சொல்கிறான்:

"ஏத்தத்துல மெதுவா நீங்களே ஏறுங்க, நாங்க நின்னு நின்னு வர்றோம். இறக்கத்துல மட்டும் குதிரைத்தோல்ல படுத்துக்கங்க. நானும் எர்போலும் முன்னாடி ஒரு கயிறு, பின்னாடி ஒரு கயிறு பிடிச்சுக்கறோம்."

"செத்த மானைத்தான்டா அப்படி இழுத்துட்டு வருவாங்க!"

"மான் இவ்வளவு சத்தம் போடாது அத்தான்."

வெளியே போடா என்றேன். போகவில்லை. இன்னொரு கிண்ணம் கேட்டான்.

இந்த ஊரில் நான் வேட்டைக்குப் போகாத குளிர்காலம் உண்டா? கயிறு கட்டி இழுப்பானாம். பொம்பளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். போக மாட்டேன். எழுதிவிட்டாயா? போக மாட்டேன்.

பிப்ரவரி 14

கமாருக்குக் குதிரைத் தொத்திறைச்சி பிடிக்கும். கொழுப்பு அதிகமுள்ள பக்கம். எடுத்து வைக்கச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை, ஷோல்பான், நீயாக எதையும் எழுதாதே.

மார்ச் 3

நேற்று திரும்பினோம்.

கமார் ஜன்னலருகே படுத்திருந்தாள். தோலோடு என்னை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் உள்ளிருந்து குரல் வந்தது: "என்னடா வேட்டை இது? ரொம்பக் கிழடா இருக்கே, வேகவே வேகாதே!" சிரித்ததில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "வாயை மூடுடி" என்றேன். இருந்த நாளெல்லாம் சண்டைதான். அப்பா இறந்த அன்று குதிரைகளை அவிழ்த்துவிட்டது யார் என்று. அவள்தான். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மண் உறைந்திருந்தது. நெருப்பு மூட்டி இளக்கித்தான் அவளுக்குக் குழி தோண்டினார்கள்.

திரும்பும்போது கணவாயின் உச்சியில் எர்போல் ஒன்றும் கேட்காமல் தோலை விரித்தான். நானும் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டேன்.